கந்தப்பளைத் தோட்டத்துக்கு எங்கே கார் பிடிப்பது?

இந்த ஆவணியில் என் பேரனுக்குக் காது குத்து. மகளைச் சிலோனில், கந்தப்பளையைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை அங்கே கணக்கப்பிள்ளை. குழந்தையை மடியில் வைக்கத் தாய்மாமன், அதாவது என் மகன் செல்வம், போய்ச் சேர வேண்டும். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. தவறினால் மடி கொடுக்க சம்பந்தி வீட்டில் ஆள் தயார். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றே நான் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் நின்றவன். "இந்தத் தடவையும் நம்ம வீட்டு ஆள் இல்லைன்னா இங்க நான் எப்படி தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்று மகள் எழுதியிருந்தாள்.

கார் எங்கே பிடிப்பது என்பதில்தான் சண்டை. என் சகலை ராஜகோபால், "கொழும்புல பெரிய காரா பிடிச்சு வாசல்ல போய் இறங்கணும். அதுதான் மரியாதை" என்றார். கொழும்பிலிருந்து நுவரெலியா நூற்றுப்பன்னிரண்டு மைல். காருக்கு நூற்றுப் பத்து ரூபாய். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவன். தேசப்படத்தில் நூலை வைத்து அளந்து, நுவரெலியாவில் பிடித்தால் போதும் என்றேன். "நூல் கடையிலயா கார் கிடைக்கும்?" என்று சிரித்தார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் வலித்தது.

சகலை கொழுந்தியாளோடு நாலு நாள் முன்னதாகவே கொழும்புக்குப் போய்விட்டார். நாங்கள் மூவரும் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் ரயில் பிடித்தோம். ஒன்று கவனியுங்கள்: மலைநாட்டுக்குப் போகிறவர் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. பொல்காவலைச் சந்திப்பில் இறங்கி மலை ரயிலுக்கு மாறலாம். நான் இறங்கினேன். பெட்டிகளில் ஒன்று இறங்கவில்லை. செல்வம் ஓடிப்போய் ஜன்னல் வழியாக இழுத்தான்.

மாலை நாலு மணிக்கு நானுஓயா. அங்கிருந்து ஐந்து மைல் பஸ்ஸில் நுவரெலியா. கம்பளியை மறந்து வந்தவர்களில் நானும் ஒருவன். ராத்திரி முழுவதும் மனைவியின் பட்டுப் புடவையைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன்.

காலையில் கடைவீதியில் டிரைவர் காசிம் நானாவைப் பிடித்தோம் (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்). சாம்பல் நிறச் சின்னக் கார், போய்வரப் பதினைந்து ரூபாய். ஒன்பதே காலுக்குக் கிளம்பி, கந்தப்பளை தாண்டி, தோட்டத்துச் சாலையின் வாயில் வரை ஜோராக வந்தோம். அங்கே நானா ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டார். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. இன்னும் இரண்டு மைல்.

"ஏன் நானா?"

"கொழுந்து லொறி வர்ற நேரம்ங்க ஐயா. அது போகட்டும்."

காலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை மலை மேல் எடை போட்டு, லாரியில் கீழே ஃபாக்டரிக்கு அனுப்புவார்கள். சாலை ஒரு வண்டி அகலம். ஏற்றி வருகிற லாரி தோட்டத்து மேனேஜர் துரையின் காரைத் தவிர எதற்கும் பின்வாங்காதாம்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கறுப்புக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி மேலே ஏறியது. உள்ளேயிருந்து சகலை கையை ஆட்டினார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

"நாமளும் போகலாமே!" என்று கத்தினேன்.

"போகலாம் ஐயா. திரும்பி வரத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலை மடித்தார்.

பத்து மணி பன்னிரண்டுக்கு வளைவில் ஒரு கார் தெரிந்தது. பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது! டிரைவர் கழுத்தை வெளியே நீட்டியிருந்தார். மூக்கோடு மூக்காக லாரி. அதன் சாக்குகள் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கத்தினார்கள்:

"வாங்க, வாங்க! இன்னும் வாங்க! கொழும்பு மாப்பிள்ளை, வால் இடிக்குது பாருங்க!"

முக்கால் மைல் பின்பக்கமாகவே வந்ததில் கறுப்புக் காரின் என்ஜின் கொதித்துப் புகைந்தது. "இனி மலை ஏறாது" என்று டிரைவர் கையை விரித்தார். லாரி எங்களைத் தாண்டிப் போய்விட்டது; சகலை பட்டு வேட்டியோடு நின்றார். கொழுந்தியாள் கொழும்பிலிருந்து வரும் வழியில் இறம்பொடை மலை வளைவுகளிலேயே தலைசுற்றி வாடிப்போயிருந்தாள்.

விட்டுவிட்டுப் போக ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். மனது கேட்கவில்லை. "ஏறுங்க சகலை."

"எங்கய்யா ஏறுறது?"

கொழுந்தியாளை என் மனைவி தன் பக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்; மிச்ச இடமிருந்தது செல்வத்தின் மடியில் மட்டும்தான். ஆக, என் பேரனுக்கு முன்னால் அந்தத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தவர் எண்பது கிலோ சகலை.

பத்து முப்பத்தைந்துக்கு வாசலில் இறங்கினோம். மகள் ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்தாள். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். செல்வம் மரத்த காலோடு நொண்டிக்கொண்டே போய் மணையில் உட்கார்ந்தான். பேரன் மலையே அதிரும்படி அழுதான். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. பந்தியில் எனக்கு முதல் இலை.

போகிறவர்களுக்கு: கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். பொல்காவலையில் பெட்டிகளை எண்ணுங்கள். எந்தச் சாலையில் ஓட வேண்டுமோ அந்தச் சாலைக்குப் பக்கத்து ஊரிலேயே கார் பிடியுங்கள். பேரம் பேசும் முன்னால் டிரைவரிடம், "தோட்டத்தில் கொழுந்து லாரி எத்தனை மணிக்கு இறங்கும்?" என்று கேளுங்கள். யோசிக்காமல் சொன்னால், கார் எவ்வளவு பழசாக இருந்தாலும் ஏறி உட்காருங்கள்.