பால் ஷீட் கழற்றிய விளக்கு

“கண்ணுன்னு ரெண்டு இருக்கிற எவனும் என் லைட்டைத் திரும்பிப் பாக்காம தாண்டிப் போக முடியாது. அப்படி ஒருத்தன் போயிட்டான்னா, மறுநாளே கடையை இழுத்து மூடிடறேன்!”

போர்டுக்காரர் இதை முழங்கியது வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், கையில் மைக் இருந்தபோது. மைக் இல்லாதபோதும் முழங்கியிருக்கிறார். முடி வெட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறார். பல் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வந்த அன்றும் சொல்லியிருக்கிறார். அன்று யாருக்கும் புரியவில்லை என்பதால் மறுநாள் மீண்டும் சொன்னார்.

கடைத்தெருவில் எரிகிற பெயர்ப்பலகைகளில் பாதி அவர் கைவேலை. செருப்புக்கடை போர்டில் செருப்பு நடக்கும். பல் டாக்டர் போர்டில் பல் சிரிக்கும். சலவைக்கடை போர்டில் ஒரு சட்டை தானாக மடிந்து விரியும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்த சைக்கிள்காரர் ஒருவர் கம்பத்தில் மோதி, நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்போடு எழுந்தார். போர்டுக்காரர் ஓடிப் போய்த் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, “எந்த இடத்துலேர்ந்து பாக்க ஆரம்பிச்சீங்க?” என்று விசாரித்தார். தொழில் பக்தி என்றால் அப்படி.

அந்தப் பக்தி முதலில் இடறியது மருந்துக்கடை போர்டில். எதிரே ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. போர்டின் நீலம் சாலையைக் கடந்து, ஜன்னல் வழியாகப் புகுந்து, குழந்தைகள் அறையின் சுவரெல்லாம் ஏறியது. குழந்தை டாக்டர் போர்டுக்காரரின் கடைக்கே வந்துவிட்டார். குரலை உயர்த்தத் தெரியாத அம்மாள்.

“உங்க போர்டால எங்க நர்ஸுக்கு தினமும் தலைவலி.”

“ரொம்ப நன்றிங்க,” என்றார் போர்டுக்காரர்.

டாக்டர் சண்டையைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேறொரு தலைவலி இருந்தது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால் நீல வெளிச்சத்தில் படுக்கவைக்க வேண்டும். தோலில் தேங்கிய மஞ்சளை அந்த வெளிச்சம் கரைத்து வெளியே தள்ளும். அதற்கென்று ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு வெளிநாட்டு மெஷின். இன்னொன்று வாங்கும் விலைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு மாடியே எழுப்பிவிடலாம்.

“நீங்க ஒரு பெட்டி செஞ்சு தர முடியுமா?” என்று கேட்டார். “சரியான நீலமா இருக்கணும், அதை நான் அளந்து சொல்றேன். விலை எங்களால தாங்கற மாதிரி இருக்கணும்.”

போர்டுக்காரர் கையில் கிடைத்த நீல பல்புகளை எல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தார். பிறகு பெட்டி பிறந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆளுயரத்துக்குப் பளபளக்கும் எவர்சில்வர் கால்கள். ஓரமெல்லாம் ஓடித் துரத்திப் பிடிக்கும் குட்டி விளக்குகள். நெற்றியில் கடைப் பெயர், அதன் கீழே போன் நம்பர். பல்புகளை மூடிப் பால் ஷீட். பால் போல் வெள்ளையாக இருக்கும் அந்த பிளாஸ்டிக் தகடு இல்லாமல் அவர் கடையிலிருந்து எந்த போர்டும் படி இறங்கியதில்லை. அதுதான் பல்பை மறைத்து வெளிச்சத்தை வழவழப்பாக்கும்.

டாக்டர் அளக்கும் கருவியைக் கீழே பிடித்துப் பார்த்தார்.

“பத்தாது.”

“எப்படிப் பத்தாது? கண்ணு கூசுதே!”

“கண்ணு கூசறது கணக்கு இல்ல. தோலுக்குப் போய்ச் சேரணும். இந்த வெள்ளை ஷீட் பாதியைக் குடிச்சிடுது, எடுத்துடுங்க. ஓரத்துல ஓடறதை நிறுத்திடுங்க. அப்புறம் இந்த போன் நம்பர் யாருக்கு? கீழ படுத்திருக்கப் போறது பொறந்து மூணு நாள் ஆன ஆளு.”

“பெரியவனானதும் கூப்பிடட்டுமே.”

போன் நம்பரில்கூட விட்டுக்கொடுத்திருப்பார். பால் ஷீட்டில் முடியாது என்றுவிட்டார். “பல்பு பல்பா வெளிய தெரிஞ்சா அது லைட் இல்லீங்க, சொறி. அப்படி ஒண்ணு என் கடைப் படி இறங்காது.” பெட்டி கடையின் பின்கட்டில், சாக்குக்கு அடியில், தன்மானத்தோடு உட்கார்ந்துகொண்டது.

அந்த நிலையில்தான் அவர் தங்கைக்கு அதே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. போர்டுக்காரர் தாய்மாமன் ஆகிவிட்ட செய்தி தெருவுக்கே தெரியும்; அவர் ஒரு போர்டு வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை குழந்தையின் முகம் மஞ்சளாக இருந்தது. சற்றைக்கெல்லாம் வயிறும் மஞ்சளானது. வெளிநாட்டு மெஷினில் வேறொரு குழந்தை.

“ரத்தத்துல மஞ்சள் ஏறிட்டே இருக்கு,” என்றார் டாக்டர். “பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கேட்டிருக்கேன். பாலத்துல வேலை நடக்குதாம், வந்து சேர ராத்திரி ஆயிடும். அங்க போனா ரத்தத்தையே மாத்த வேண்டி வரலாம். இப்படியே ஏறினா மூளையைத் தொட்டுடும்.”

“அந்த மெஷினைக் கொஞ்சம்...”

“அதுல இருக்கிறதும் ஒருத்தர் பெத்த பிள்ளைதான்.”

தங்கை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். “அண்ணே, நீ செஞ்ச பெட்டி என்னாச்சு?”

“அது இன்னும் முடியலம்மா.”

“பொய் சொல்லாத. ஷீட்டை எடுக்க மாட்டேன்னு மல்லுக்கட்டினியாமே. அண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க.”

“எடுத்தா பாக்க நல்லா இருக்காதும்மா.”

“என் பிள்ளை என்ன துணிக்கடையா? வாசல்ல போர்டு வெச்சு ஆள் கூப்பிடறதுக்கு?”

டாக்டர் குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சளை போர்டுக்காரர் அதுவரை தள்ளுபடி விற்பனை போர்டுகளுக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருந்தார். எழுந்து கடைக்குப் போனார்.

பின்கட்டில் சாக்கை விலக்கினார். பால் ஷீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஓர விளக்குகளின் ஒயரை வெட்டினார். கடைப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

டாக்டர் அளந்தார். “வெளிச்சம் நல்லா ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் வேணும். பெட்டி கீழ இறங்கணும்.”

தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்றுதான் கால்களை அவ்வளவு உயரமாக வைத்திருந்தார். போய் ஒரு ரம்பம் வாங்கிவந்து, பளபளக்கும் கால்களை ஆஸ்பத்திரி முற்றத்தில் தானே அறுத்தார். டாக்டர் மறுபடி அளந்தார். விளக்கின் சூடு தாக்குகிறதா என்று அடியில் கையை வைத்துப் பார்த்தார்.

“இப்ப சரி.”

குழந்தையை இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு மட்டும் விளக்கடியில் கிடத்தி, கண்களைக் கறுப்புத் துணிப் பட்டையால் மூடினார்கள். “இந்தப் பட்டை நகரவே கூடாது, கண்ணுக்குக் கெடுதல்,” என்றார் டாக்டர் போர்டுக்காரரிடம். “அதைப் பாத்துக்கறதுதான் உங்க வேலை.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தங்கை பால் கொடுக்க எடுக்கும்போது விளக்கை அணைத்தார். திரும்பக் கிடத்தியதும் போட்டார். பிற்பகல் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறுவது நின்றிருந்தது. மாலையில் மறுபடி பார்த்தார்கள். இறங்கியிருந்தது. டாக்டர் போனை எடுத்து, வண்டி வேண்டாம் என்றார். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு குறட்டை விட்டாள்.

குழந்தை காலை உதைத்து, தலையை இப்படியும் அப்படியும் புரட்டியது. பட்டை நெற்றிக்கு ஏறிவிட்டது. இரண்டு கண்களும் திறந்தன. தலை மெல்லத் திரும்பி, நேராக விளக்கின் பக்கம் போயிற்று.

போர்டுக்காரர் சட்டென்று நடுவில் உள்ளங்கையை நீட்டி மறைத்தார்.

“பாக்காதடா ராஜா,” என்றார். “அங்க பாக்காத.”

மற்றொரு கையால் பட்டையை இறக்கி, மூக்கோரம் நீலம் கசிகிறதா என்று குனிந்து பார்த்து, இன்னும் சற்று இறுக்கிவிட்டார்.