ஐ முன்ன, ஈ பின்ன

மன்னார்குடியில் டைப்ரைட்டிங் படித்தபோது லோயர் பரீட்சையில் தோற்றேன். 'ரிசீவ்' என்ற ஒரே வார்த்தையை நான்கு இடத்தில் தப்பாக அடித்திருந்தேன். ஐ முன்னால் வருமா, ஈ முன்னால் வருமா என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

பக்கத்து மெஷினில் உட்காருகிறவள் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், என் வயதுதான். "இதுக்குப் போயா அழுவுற? ஐ முன்ன, ஈ பின்ன. சி-க்கு அடுத்து வந்தா மட்டும் மாத்திப் போடு" என்றாள். அன்றிலிருந்து ஃபீல்டு, சீஃப், ரிசீவ் எல்லாம் சரியாக விழுந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாசியில்தான் அப்பா குத்தகைக்கு உழுத நிலத்து நெல்லை மிராசுதாரின் ஆட்கள் களத்திலிருந்தே வண்டியில் ஏற்றிப் போனார்கள். சட்டம் குத்தகைதாரர் பக்கம் வந்திருந்தது. நெல் என்னவோ மிராசுதார் வீட்டில் இருந்தது. மனு எழுதித் தர ஒரு வக்கீல் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய டைப்பிஸ்ட் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"என் பொண்ணு அடிக்கும்ங்க" என்றார் அப்பா.

வக்கீல் கையால் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அடித்தேன். நெல்லைக் கைப்பற்றினார்கள் என்பதற்கு 'சீஸ்டு' என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தார். ஆறிலும் ஈ முன்னால். பாவம், மனுஷருக்கு விதி தெரியவில்லை என்று நினைத்து, ஆறையும் திருத்தி அடித்துக் கொடுத்தேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நான் இப்படியா எழுதியிருந்தேன்?"

"இல்லைங்க சார். நீங்க தப்பா எழுதியிருந்தீங்க. நான் திருத்திட்டேன்."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் அகராதியை எடுத்தார். மூன்று பேரும் குனிந்து தேடினோம். பெஞ்சில் இருந்த அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது.

"ஏம்மா, நெல்லு போனதுல ஏதும் சந்தேகமா?"

"நெல்லுல இல்லப்பா, எழுத்துல."

அகராதி வக்கீல் பக்கம் இருந்தது. எனக்குக் காது சுட்டது. அப்போது குமாஸ்தா வக்கீலின் கையெழுத்துப் பிரதியை நீட்டினார். "சார், இந்த 'ரிசீவ்டு'ல நீங்க ஐ-யை முன்னால போட்டிருக்கீங்க. இது மட்டும் பாப்பா திருத்தினதுதான் சரி." வக்கீல் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கார்பன் தாள்களை மறுபடி அடுக்கி முழு மனுவையும் புதிதாக அடித்தேன்.

இரண்டு வாரத்தில் தாசில்தார் வந்து நெல்லை வாங்கிக் கொடுத்தார். சில மூட்டைகள் நனைந்து முளைவிட்டிருந்தன. கிடைத்ததற்கே அப்பா சந்தோஷப்பட்டார்.

"விதிவிலக்கு இருக்குன்னு ஏண்டி சொல்லல?" என்று தோழியிடம் சண்டைக்குப் போனேன்.

"நீ எங்க நின்னு கேட்ட?" என்றாள். பிறகு வெயிட், ஹைட், ஃபாரின், நெய்பர் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்து விரலும் போதவில்லை. என் கையையும் பிடித்து எண்ணினாள்.