ரோஸ்மேரியின் இடது பக்கம்

ரோஸ்மேரி என்கிற பெயரை வியாகுலம்மாள் முதன்முதலாகக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து, கருவாட்டுக் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற தம்பி லூயிஸ், கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறவன், அன்றைக்குத் தானாக வாயைத் திறந்தான்.

"யக்கா, விம்கோ நகர்ல ஒரு பொண்ணு கீது. பேரு ரோஸ்மேரி. அத்தத்தான் கட்டிக்கப் போறேன்."

"ஆரு பெத்த பொண்ணு?"

"அப்பா அம்மா இல்ல. சித்தப்பா வூட்ல கீது."

"வயசு?"

"இருவத்தெட்டு."

வியாகுலத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் இருபத்தெட்டு வயது வரைக்கும் ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தால் அதற்கு ஏதாவது காரணம் இருந்தே தீரும். தம்பி முகத்தைப் பார்த்தாள். அவன் குழம்புச் சட்டியைப் பார்த்தான். சரி, இவனுக்கும் தெரிந்திருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறான் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

சந்தேகம் அவளுக்குத் தொழிலோடு வந்தது. புருஷன் இன்னாசி கட்டுமரத்தோடு போய்த் திரும்பாமல் போன பிறகு, துறைமுகக் கிடங்கில் கிழிந்த மூட்டை தைக்கிற வேலைக்குப் போனாள். கோணி ஊசியும் சணல் நூலுமாக அங்கேயே வயது போயிற்று. ஒரு மூட்டையைப் பார்த்ததும், கொக்கி பட்டுக் கிழிந்ததா, எவனாவது பிரித்து உள்ளே கைவிட்டுவிட்டு மறுபடி தைத்ததா என்று சொல்லிவிடுவாள். தைத்த வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை வரிசை தெரிந்தால் அது திறந்து மூடிய சரக்கு. மூட்டையைப் பார்த்துப் பார்த்து, மனுஷரையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டது அவள் கண்.

எழுபத்திரண்டில் ராயபுரத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. ரோஸ்மேரி மெலிந்த தேகம், பேச்சு குறைவு, வேலையில் சுறுசுறுப்பு. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் குளிக்கப் போனால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதற்கு மேல் வாளியையும் அணை கொடுத்து வைப்பாள். முந்தானையை இடது பக்கம் இரண்டு மடிப்பாக இழுத்துச் செருகியிருப்பாள். தெருப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால் வலது தோளைத்தான் கொடுப்பாள். அவள் நடக்கும்போது வலது பக்கம் ஆளோடு சேர்ந்து நடந்தது, இடது பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தது.

துறைமுகத்து ஓரமாக இருக்கிற வீடுகளில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, கடத்தல் சரக்கு. முந்தின வருஷம்தான் அடுத்த தெரு பவுனம்மாளின் ரவிக்கைக்குள்ளிருந்து கஸ்டம்ஸ்காரப் பெண்கள் கைக்கடிகாரம் கைக்கடிகாரமாக எடுத்து வைத்தார்கள். போதாக்குறைக்கு ஜார்ஜ் வேறு வரத் தொடங்கினான். கப்பல்களில் ஏறி மாலுமிகளிடம் சாமான் வாங்கி வெளியே விற்கிறவன். வந்தால் வாசலிலேயே நிற்பான், லூயிசோடும் ரோஸ்மேரியோடும் குசுகுசுவென்று பேசுவான், வியாகுலத்தைக் கண்டால், "இன்னாக்கா, சௌக்கியமா?" என்று பல்லைக் காட்டிவிட்டு நழுவிவிடுவான்.

தம்பியை ஜெயிலுக்கு அனுப்பத்தான் இவள் வந்திருக்கிறாள் என்று வியாகுலம் தீர்மானித்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ரோஸ்மேரி குளிக்கப் போயிருந்தாள். அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில், உள்ளங்கையில் அடங்குகிற துணிப்பை ஒன்று கட்டித் தொங்கியது. கனமாக இருந்தது. வியாகுலம் எட்டி எடுத்தாள், கோணி ஊசியால் ஒரு பக்கத் தையலைக் குத்திப் பிரித்தாள், முறத்தில் கொட்டினாள்.

கோதுமை.

விரலால் கிளறிப் பார்த்தாள். கடிகாரமும் இல்லை, தங்கமும் இல்லை. கப்பலிலிருந்து இறக்கும்போது சிந்துவதைக் கூட்டி அள்ளி விற்பார்களே, அந்தக் கோதுமைதான். ஈரம் பட்டுப் பாதி முளைவிட்டு, வெள்ளை வெள்ளையாக வால் நீட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தால் வாசற்படியில் ரோஸ்மேரி நிற்கிறாள். தலையில் ஈரத்துண்டு. ஈரப்புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது பக்கம் பலகை மாதிரி இருந்தது.

"தேடினது கெடச்சுதா அண்ணி?" என்றாள்.

வியாகுலம் முறத்தை முந்தானையால் மூடினாள்.

"மார்ல கட்டி வந்துச்சு. மாரோட எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் மெசின்ல படுக்க வெச்சு அந்த எடத்துல கரண்டு வெச்சாங்க. மூணு வருசமாச்சு. பஞ்சு வெச்சுப் பாத்தேன், மேல மேல ஏறுது. கோதுமதான் எடத்துல குந்துது. வேர்வைல மொளச்சுடுது, அதான் அடுப்பு மேல காய வெச்சேன். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் கட்டினாரு."

வியாகுலம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முளைவிட்டதைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டே, "மொளச்சத எறிஞ்சுடு. காஞ்ச கோதும நான் எடுத்தாறேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் அவள். அதுதான் அவளுக்கு வந்தது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, "அப்ப அந்த ஜார்ஜு எதுக்கு வந்துகினு போறான்?" என்று கேட்டாள்.

ரோஸ்மேரி சொன்னாள். வெளிநாட்டில் இப்போது மார்புக்கென்றே ஒரு பை செய்கிறார்களாம். கண்ணாடி மாதிரி, உள்ளே கூழ் மாதிரி. அறுத்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் ஆயுசுக்கும் எடுக்கவே வேண்டாமாம். ஒரு கப்பல் சமையல்காரன் மூலம் ஜார்ஜிடம் ஒன்று வந்திருக்கிறது. வைத்துத் தைக்க ஒரு டாக்டரும் தயார்.

"ஒரு தபா, ஒரே ஒரு தபா தோளத் திருப்பாம நடக்கணும் அண்ணி. எடது பக்கமாப் படுத்தா எதுவும் நகராம இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"அளவு இன்னா?"

"ஒரே அளவுதான் கீதாம். பெரிசு."

பெரிசு என்ற சொல் வியாகுலத்துக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் ஜார்ஜ் வந்தபோது, "கையால காட்டு, எவ்ளோ பெரிசு?" என்று கேட்டாள். அவன் இரண்டு கையையும் குவித்துக் காட்டினான். பழைய வேட்டித் துணியில் அதே அளவுக்கு ஒரு பை தைத்தாள். அதைவிடச் சின்னதாக ஒன்று, அதற்கும் சின்னதாக ஒன்று. மூன்றிலும் கோதுமை நிரப்பினாள்.

"இத்தப் போட்டுகினு தண்ணி எடு, துணி தொவை, மாடி ஏறு, எறங்கு. எது ஒனக்கு ஒத்து வருதுன்னு ஒடம்பு சொல்லட்டும்."

பெரியதைப் போட்டுக்கொண்டு ரோஸ்மேரி குழாயடிக்குப் போய்வந்தாள். லூயிஸ் தின்பண்டப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவன் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"இன்னாடி இது, ஒரு பக்கம் மட்டும் லோடு ஏத்தின கப்பல் கணக்கா சாஞ்சுகினு வர்ற?"

"வாய மூடுய்யா."

அவளும் சிரித்தாள். ஆனால் சாயங்காலம் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அறுத்த தழும்பு இழுத்துப் பிடித்துக்கொண்டு சிவந்துபோனது. சின்னது போதவில்லை, ரவிக்கை ஒரு பக்கம் சுருங்கிற்று. நடுவில் இருந்ததுதான் வலது பக்கத்துக்கு ஈடாகச் சரியாக உட்கார்ந்தது. அதைப் போட்டிருந்த நாட்களில் தன் முந்தானை ஒற்றை மடிப்பாக இருந்ததை ரோஸ்மேரியே கவனிக்கவில்லை. வியாகுலம் கவனித்தாள்.

"நடு அளவு கெடைக்குமா நைனா?" என்று ஜார்ஜிடம் கேட்டாள்.

"யக்கா, இது இன்னா சோடாக் கடையா, அளவு அளவா அடுக்கி வெக்க? வந்தது ஒண்ணு. உள்ள போய்ட்டா ஒடம்பு தானாப் பழகிடும்."

அந்தப் 'பழகிடும்' அவளுக்கு உறுத்தியது. ஆனால் ரோஸ்மேரி பிடிவாதமாக இருந்தாள். பெரிசானால் பெரிசு, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். நாள் குறித்தாயிற்று. வியாகுலம் வேலைக்குப் போகாமல் கூடவே கிளம்பினாள்.

டாக்டர் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. மாடியில் இரண்டு அறை, ஒரு கட்டில், வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. டாக்டர் நாற்காலியில் இருந்தபடியே ரோஸ்மேரியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணும் பயமில்லம்மா. பெரிசுதான் எடுப்பா இருக்கும். எல்லாரும் பெரிசுதான் கேக்கறாங்க."

"சார்," என்றாள் வியாகுலம், "ரவிக்க தைக்கிறவன்கூட டேப்பு வெச்சு அளக்கறான். நீங்கோ உள்ளாற வெக்கப் போறீங்கோ. இன்னும் அளக்கவே இல்லியே?"

"அளவெல்லாம் பொட்டலத்துலயே போட்டிருக்கும்மா."

"அது பையோட அளவு. இவளோட அளவு எங்க கீது?"

டாக்டர் ஜார்ஜைப் பார்த்தார். "இந்தம்மாவ எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"எடுத்த எடத்துத் தோலயாச்சும் தொட்டுப் பாருங்கோ சார். கரண்டு வெச்ச தோலு."

"கரண்டா?" என்றார் டாக்டர். அது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரியும் போலிருந்தது. ஆனால் உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார்.

மேஜை மேல் ஜார்ஜ் கொண்டுவந்து வைத்திருந்த பைப் பொட்டலத்தை வியாகுலம் எடுத்தாள். வழவழப்பான காகிதம், சுற்றிலும் ஒட்டி, இங்கிலீஷில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் ஓரத்தைத்தான் பார்த்தாள். ஒட்டின கோட்டுக்கு வெளியே, மயிரிழை தள்ளி, இன்னொரு கோடு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"ஏன் நைனா, அமெரிக்காக்காரன் மைதாப் பசையிலயா ஒட்டறான்?"

ஜார்ஜின் சிரிப்பு பாதியில் நின்றது. "மழையில ஓரம் பிரிஞ்சுடுச்சுக்கா. நான்தான் லேசா ஒட்டினேன். உள்ள ஒண்ணும் ஆவல."

"ஆரு கைய வுட்டுப் பாத்தாங்க? இது எத்தினி பேருக்குக் காட்டின சரக்கு?"

"யக்கா, சும்மா பேஜாரு பண்ணாத!"

"எந்திரி ரோஸ்மேரி" என்றாள் வியாகுலம்.

ரோஸ்மேரி எழுந்திருக்கவில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாகுலம் கையைப் பிடித்து இழுத்ததும் கூடவே வந்தாள், படி இறங்கினாள், தெருவுக்கு வந்ததும் கையை உதறினாள்.

"ஒனக்கு இன்னா அண்ணி? ரெண்டும் கீது ஒனக்கு. கோதுமையில கடிகாரம் தேடினவதானே நீ! நீ ஆரத்தான் நம்பி கீற?"

பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் ரோஸ்மேரி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், தட்டை நகர்த்துவாள், அவ்வளவுதான். தான் செய்தது சரியா என்று வியாகுலத்துக்கும் அந்த நாட்களில் தெரியவில்லை. ஒருவேளை மழையில்தான் பிரிந்ததோ என்னவோ.

தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் ரோஸ்மேரி தானாக வந்து நின்றாள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஆபரேசன் பண்ணின எடத்துக்கு. வர்றியா?"

அங்கே இருந்த டாக்டரம்மா பை விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ரோஸ்மேரியைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். தழும்புத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கப் பார்த்தாள், அது எழும்பி வரவில்லை. டேப்பை எடுத்து மார்பின் அகலத்தை அளந்தாள். வியாகுலம் டாக்டரம்மாவின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பை நல்ல பைதாம்மா, வைக்கிற இடம் நல்லா இருந்தா. அகலத்துக்கும் தோலுக்கும் ஏத்த அளவுதான் வைக்கணும், ஆசைக்கு ஏத்த அளவு இல்ல. உன் தோல் கரண்ட்ல காகிதமாயிருச்சு. பெரிசு வெச்சா தையல் விட்டுக் கிழிஞ்சு சீழ் பிடிக்கும். சின்னது வெச்சாலும் இப்போ நான் பொறுப்பேத்துக்க மாட்டேன். வெளியே வெச்சுக்க. கனம் மட்டும் மறுபக்கத்துக்குச் சமமா இருக்கணும், இல்லேன்னா முதுகு போயிடும்."

ரோஸ்மேரி ரவிக்கைக்குள் கைவிட்டு நடு அளவுப் பையை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன இது?"

"கோதும."

"கனம் சரியாத்தான் இருக்கு. வேர்வை படாம ரப்பர் துணியில தெச்சுக்க."

வெளியே வந்ததும், "இந்தம்மாவையும் நம்பாதன்னு சொல்லு பாப்போம்" என்றாள் ரோஸ்மேரி.

"டேப்பு வெச்சு அளந்தாங்க இல்ல," என்றாள் வியாகுலம். "இருந்தாலும் இன்னொரு டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

ரோஸ்மேரி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். வியாகுலம் அவளுடைய இடது தோளில் கையைப் போட்டாள். அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

ஜார்ஜ் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பொட்டலம் இப்போது அவனிடம் இல்லை என்று லூயிஸ் விசாரித்துவந்து சொன்னான். அது எந்தப் பெண்ணின் மார்புக்குள் போனது என்று வியாகுலத்துக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. கோயிலில் முன்பின் தெரியாத பெண்கள் யாராவது ஒரு தோளைத் தாழ்த்தி நடந்தால், அவள் கண் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும்.

வியாகுலமும் லூயிசும் இப்போது இல்லை. ரோஸ்மேரி எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், பின்னால் பிறந்த மகள் ஃப்ளோரன்ஸ் வீட்டில் இருக்கிறாள்.