பெல்ட்டோட இருங்க

காலை ஆறே கால் மணி. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தாழ்வுபாடு என்ற கடற்கரைக் கிராமத்தில், அண்ணர் வீட்டு விறாந்தையில் நான் முதலில் கண்டது, கதிரைக்குக் கீழே வீங்கிப்போயிருந்த இரண்டு பாதங்களை. அதற்கு மேலே அமர்ந்திருந்தார் அண்ணர், இடுப்பில் அகலமான பெல்ட்டோடு, விறைப்பாகச் சுவரைப் பார்த்தபடி.

சில வாரங்களுக்கு முன் கரையில் வள்ளம் தள்ளும்போது விழுந்ததில் அவருக்கு முதுகெலும்பில் வெடிப்பு. சத்திரசிகிச்சை தேவையில்லை, பெல்ட் போதும் என்றார் டொக்டர். நகரத்துச் சிகிச்சை நிலையத்தில் அதைக் கட்டிவிட்ட இயன்மருத்துவர், பிசியோதெரபி செய்பவர், மலையகத்துப் பெண். "படுக்கிற நேரம் தவிர எப்பவும் பெல்ட்டோட நிமிர்ந்து இருங்க" என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அண்ணர் ஒரு சொல் பிசகாமல் செய்தார். சாப்பாடு, தேத்தண்ணி, செபமாலை எல்லாம் அந்தக் கதிரையில்தான்.

"அந்தோனியார் சுரூபம் மாதிரி இருக்கிறார். மெழுகுதிரி ஒண்டு கொளுத்தினால் சனம் நேர்த்தி வைக்க வந்திடும்" என்றார் அவர் மனைவி, என் மச்சாள்.

"நீ சிரி. இனிக் கடலுக்குப் போவனோ எண்டு எனக்கெல்லோ தெரியேல்லை" என்றார் அண்ணர்.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சொன்னபடி செய்தும் வலி கூடியிருந்தது. வலது கால் விறைத்திருந்தது. பெல்ட் பிழையா, எலும்பு விலகிவிட்டதா? அன்றே ஓட்டோ பிடித்து அதே சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துப் போனோம்.

அந்த இயன்மருத்துவர் அண்ணரின் பாதங்களை அழுத்திப் பார்த்தார். "தினமும் எவ்வளவு நேரம் நடக்கிறீங்க, ஐயா?"

"நடக்கிறதோ? நீங்கள்தானே பிள்ளை இருக்கச் சொன்னனீங்கள்!"

"நிமிர்ந்து இருங்கன்னுதான் சொன்னேன். உட்காரச் சொல்லலையே."

"ஓம், அதுதான். நிமிர்ந்துதான் இருந்தனான்."

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. கொஞ்சம் பிந்தித்தான் பிடிபட்டது. எங்கள் வாயில் 'இருங்கோ' என்றால் முதலில் கதிரையில் உட்காருவதுதான். மலையகத்துப் பேச்சில் அவர் சொன்னது, பெல்ட்டைக் கழற்றாமல் எழுந்து நடமாடுங்கள் என்று; அசையாமல் இருந்ததில்தான் கால் வீங்கி விறைத்திருந்தது.

அவர் அண்ணரைக் கைகொடுத்து எழுப்பினார். சிகிச்சை நிலைய விறாந்தையின் மறுமுனை வரை அண்ணர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

நாள் முழுவதும் வாயில் புழங்கும் சொல்லையே நான் சரியாகக் கேட்பதில்லையோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. அண்ணர் இப்போது கடலுக்குப் போகிறார். வலை இழுப்பதில்லை, பின்னால் இருந்து எஞ்சின் ஓட்டுகிறார்.