மூடிய பள்ளத்துக்கு ஒரு மனு

எனக்கு முன்கோபம் உண்டு. மனுவோடு வருகிறவர்களிடம் ‘நாளைக்கு வாங்க’ என்பதைக்கூட முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் சொல்வேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அக்கம்பக்கத்தில் ஓர் ஊரின் நகராட்சி அலுவலகம். பெயர் வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் அங்கேதான் குப்பை கொட்ட வேண்டும். பொறியியல் பிரிவில் எழுத்தர் வேலை.

ஐப்பசி மழை விட்ட பிறகு ஒருநாள் அவர் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், செண்பகத்தோப்புப் பக்கம் கொஞ்சம் தென்னை வைத்திருக்கிறார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவருடைய மகன் பட்டாளத்துக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல் தேர்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவன். விடிகாலையில் ஓட்டப் பயிற்சிக்கு வண்டியில் போனபோது, மழைத்தண்ணீர் நின்ற பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்துவிட்டான். முழங்கை நொறுங்கியது. பிளேட் வைத்தும் கை முழுதாக நீளவில்லை. அடுத்த தடவைக்கு வயது தாண்டிவிடும். மனுவில் இழப்பீடு என்று எழுதியிருந்தது. வாயால் அவர் கேட்டது வேறு.

“துட்டு கூடக் கொறைய இருக்கட்டும் சார். ரோட்டு மேலதான் தப்புன்னு ஒரு பேப்பர் குடுங்க. குடிச்சிட்டு விழுந்தான்னு ஊருக்குள்ள பேசுதாங்க. பய வீட்ட விட்டு வெளிய வர மாட்டேங்கான்.”

பொறியாளரிடம் கோப்பை வைத்தேன். கெட்ட மனிதர் இல்லை. படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ரோடு வேற துறையோடது. தோண்டுனது குடிதண்ணிக் குழாய்க்கு. மூட வேண்டியவன் கான்ட்ராக்டர். அவனுக்குப் பழைய பில்லே பாஸாகல, போன எடுக்க மாட்டேங்கான். மழைக்குள்ள தார் போட்டா ஒரு வாரம் நிக்காது, வெயிலடிச்சா நிதி இருக்காது. தப்பு நம்மதுன்னு ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு ஊரே வரிசையில நிக்கும். எங்க போவ?”

சொன்னது அத்தனையும் நிஜம். பொய்யாக இருந்தால் சண்டையாவது போடலாம். அடிபட்டவனுக்கு ஒரு நியாயம் சொல்ல நாதியில்லை, அதற்குக் காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்று கையில் வைத்திருக்கிறோம்.

சட்டப்படி இடத்தைப் பார்க்க வேண்டும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். மனுவில் சொன்ன இடத்தில் பள்ளம் இல்லை. ஜல்லி போட்டு, சிமெண்டு கலந்து, ரோட்டு மட்டத்துக்குப் பூசியிருந்தது. எங்கள் ஒப்பந்தக்காரர்கள் எவனுக்கும் அப்படிக் கை வராது. எதிரே டீக்கடைக்காரர் விவரம் சொன்னார். “மகன ஆஸ்பத்திரியில சேத்த மறுநாளே அவரே சாந்துச் சட்டியோட வந்துட்டாருய்யா. ஒத்த ஆளா குத்துக்கால் வச்சு உக்காந்து பூசுனாரு. காயுற வரைக்கும் சுத்திக் கல்ல வச்சுக் காவலும் இருந்தாரு.”

அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். மூடுவதற்கு முன்னால் ஒரு போட்டோவாவது எடுத்தாரா என்று கேட்டேன்.

“போட்டோவா? இன்னொரு பிள்ள விழுந்துரக் கூடாதேன்னுதான் சார் நெனப்பு ஓடுச்சு. வேறொண்ணும் தோணல.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். “இருந்த ஒரே சாட்சிய நீங்களே பூசி மொழுகிட்டு எங்ககிட்ட வந்து பேப்பர் கேட்டா எப்படிய்யா?” பொறியாளருக்கு முகத்தில் நிம்மதி. “விட்டுச்சு சனியன். எழுதிரு” என்றார்.

எழுதினேன். ‘தள ஆய்வின்போது மேற்படி இடத்தில் பள்ளம் ஏதும் காணப்படவில்லை. எனவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.’ அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

தபாலில் அனுப்பியிருக்கலாம். அவரே நேரில் வந்துவிட்டார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். சண்டை போடுவார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன்.

“சார், தெனமும் அந்த ரோட்டு வழியாத்தான வேலைக்கு வாரீங்க?”

“ஆமா.”

“அப்ப பள்ளத்தப் பாத்திருப்பீங்க.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பாத்திருக்கேன்” என்றேன்.

“எப்படிப் போவீங்க?”

“ஒதுங்கித்தான்.”

தலையை ஆட்டினார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “இது போதும் சார். ஆபீஸ்காரரே பாத்திருக்காருன்னு மகன்கிட்டச் சொல்லிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மூன்று மாதம் அந்த இடத்தில் வண்டியை ஒடித்து ஒதுங்கிப் போயிருக்கிறேன். பள்ளம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் பொறியாளர் மேசையில் வைக்க எனக்கு எவன் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. வைக்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அது மூடியிருந்தது. யார் மூடினது என்றுகூட யோசிக்காமல் அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு அலுவலகம் வந்து சேர்ந்தேன்.