பூ மார்க்கெட்டில் ஒரு நாற்காலி

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் எல்லோரும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் தனியாகத் தெரியும். திண்டுக்கல்லில் இருக்கும் என் வீட்டிலிருந்து அதைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். அதில் உட்கார்ந்திருப்பவர் அக்கா. கூடப்பிறந்தவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என்னோடு கட்டிப் புரள்கிறவர்.

எங்கள் தெருக்கோடியில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் பெண்களுக்குக் கிராப்பிளிங் வகுப்பு நடக்கிறது. மல்யுத்தத்துக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூடோவில்போலப் பிடித்து இழுக்கக் கோட்டோ பெல்ட்டோ கிடையாது. பனியனும் இறுக்கமான பேண்ட்டும்தான். எதிராளியின் கையையோ காலையோ மடக்கிப் பிடித்தால், அவர் இரண்டு தட்டு தட்டித் தோல்வியை ஒத்துக்கொள்வார். உடனே விட்டுவிட வேண்டும். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது வயதில் முதுகுவலிக்கு வழி தேடிப் போய் அங்கே மாட்டிக்கொண்டேன். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். விடியலிலிருந்து மதியம் வரை மல்லிகையைத் தரம் பிரித்துவிட்டு பஸ் ஏறி வருவார். அவர் புரண்ட இடத்தில் விரிப்பு கூட மணக்கும்.

அந்த வருடம் கெண்டைக்கால் பிடி கற்றுக்கொண்டோம். முழங்காலுக்குக் கீழே இருக்கும் நம் எலும்பை எதிராளியின் முழங்கால் மடிப்புக்குள் குறுக்கே கொடுத்து, அவர் பாதத்தை அவர் பிட்டத்தை நோக்கி இழுக்க வேண்டும். பாக்குவெட்டியில் பாக்கு அகப்படுவதுபோலக் கெண்டைக்கால் சதை நசுங்கும். சொல்லிக்கொடுத்த மேடம் இந்தப் பிடிக்கு மட்டும் குரலை உயர்த்துவார். "வெடுக்குன்னு இழுக்காதீங்க. ஒடம்பப் பின்னால சாய்க்காதீங்க. மெதுவா இறுக்கி மூணு எண்ணுங்க. தட்டலன்னாலும் விட்ரணும்." இதன் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. விடை வராத கணக்கைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் ஒன்று எண்ணும் முன்பே தட்டினார்கள். அக்கா மட்டும் தட்டவே மாட்டார். "வலிக்கலையே புள்ள" என்று கூரையைப் பார்த்துச் சிரிப்பார். என் பிடிதான் சரியில்லை என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் காலை இறுக்கி மூன்று எண்ணினேன். விடவில்லை. ஏழு வரை போனேன். அப்புறம் மேடம் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பின்னால் சாய்ந்தேன். சடக்கென்று ஒரு சின்னச் சத்தம். அக்கா கத்தவில்லை. "விட்ரு புள்ள" என்றார், பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்வதுபோல. அன்று நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் அவரால் குத்தவைக்க முடியவில்லை. முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். தினமும் ஆறேழு மணி நேரம், இருபத்தைந்து வருடமாகக் குத்தவைத்து உட்கார்ந்த கால் அது. தொடையும் கெண்டைக்காலும் ஒன்றையொன்று அமுக்கிக் கிடந்தே பழகிப்போனவை. எங்களுக்கெல்லாம் முதலில் கத்துகிற சதை, அவருக்குக் கத்தவில்லை. நேரே மூட்டு போய்விட்டது. வலிக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். அதை இன்னும் இழுக்கலாம் என்று எடுத்துக்கொண்டது என் புத்தி.

பூ மார்க்கெட்டில் வேலை என்றாலே தரையில்தான். குத்தவைக்க முடியாவிட்டால் அவருக்கு அங்கே இடமே இல்லை. அதனால்தான் நாற்காலியைக் கொண்டுபோனேன். அவர் பங்குப் பூவை ஒரு ஸ்டூலில் கொட்டிக்கொள்ள இடம் விட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் "கலெக்டரம்மா வந்துட்டாக" என்று கேலி செய்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது.

நான் வகுப்பை விட்டுவிட்டேன். ஏழு மாதம் கழித்து அக்காதான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீ வரலன்னா நான் யாருகூட உருளுறது? நீ இழுத்த, சரி. நானும் வாயத் தொறக்கலல்ல?" அன்று மாலையே விரிப்பில் உட்கார்ந்து, நல்ல காலை என் பக்கம் நீட்டினார். என் எலும்பு அவர் முழங்கால் மடிப்பில் பட்டதுமே தட்டினார். நான் இன்னும் பாதத்தைத் தொடக்கூட இல்லை. விட்டுவிட்டேன். "இனிமே இம்புட்டுத்தான். வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுட்டு இருக்க வேண்டாம்" என்றார். இன்று அந்த மாடியில் புதிதாக வருகிற பெண்களும் இந்தப் பிடிக்கு அப்படித்தான் தட்டுகிறார்கள். மேடமே அதை வழக்கமாக்கிவிட்டார்.

அக்காவின் கால் நடக்கிறது, படி ஏறுகிறது, விரிப்பில் என்னைக் கவிழ்க்கவும் செய்கிறது. குத்தவைக்க மட்டும் மடங்கவில்லை. போன வாரம் கல்யாண வீட்டுக்குப் பூ வாங்கப் போனேன். அக்கா எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் அதில் உட்காராமல், பக்கத்தில் தரையில் குத்தவைத்து அவரோடு மொட்டுப் பிரித்தேன். ஐந்து நிமிடம் இருக்காது. கெண்டைக்கால் இரண்டும் எரிந்தன. எழவும் முடியாமல் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் அதை இரண்டு முறை தட்டினேன்.

அக்கா கையிலிருந்த பூவை அப்படியே போட்டுவிட்டு என்னைத் தூக்கி நிறுத்தினார். மூன்று கூட எண்ணவில்லை.