எக்ஸ் மூன்றாகக் கூடாது

குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், வெள்ளைக்காரன் காலத்தில், மரியஅந்தோணி தேயிலை சலிக்கும் அறையில் வேலை பார்த்தான். பள்ளியில் கணக்கில் புலி. அப்பா போனதும் படிப்பும் போயிற்று. சலிப்பறைத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் ஆளைப் பிடித்து உலுக்கியது. அந்த அறையை விட்டால்தான் பிழைப்பான் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம் கம்பெனியின் சர்வே ஆபீசுக்கு ஓர் ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. வெளிக்காற்றில் நிலம் அளக்கும் வேலை. ஆனால் அல்ஜீப்ரா பரீட்சை எழுத வேண்டும்.

கூடவே வேலை செய்த சில்வஸ்டரும் அதற்குப் பெயர் கொடுத்தான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையும் இருவரில் ஒருவன் சலிப்பறையில் இருந்தாக வேண்டும். அதனால் ஒரு வாரம் இவன், மறு வாரம் அவன், பூசை முடிந்ததும் லூயிஸ் வாத்தியாரிடம் படித்துவந்து மற்றவனுக்குச் சொல்லித்தருவதாகப் பேச்சு. மரியஅந்தோணி தன் முறையில் வாத்தியார் தும்மியதைக்கூட விடாமல் சொல்லித்தந்தான். அப்படியொரு வெள்ளந்தி!

அல்ஜீப்ராக் கோவைகளை வகுக்கும் பாடம் சில்வஸ்டர் முறையில் வந்தது. எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்பதை, எக்ஸ் கழித்தல் மூன்றால் வகுத்துக் காட்டினான். மேலே இருந்ததை எக்ஸ் கழித்தல் மூன்று, எக்ஸ் கூட்டல் மூன்று என்று இரண்டாகப் பிரித்தான். மேலும் கீழும் பொதுவாக இருந்ததை அடித்தான். எக்ஸ் கூட்டல் மூன்று மிஞ்சியது.

"எக்ஸுக்கு எந்த எண் ஆகாதுன்னு கேப்பாங்களேடா?" என்றான் மரியஅந்தோணி.

"கீழ பூச்சியம் வரக்கூடாது, அவ்வளவுதான். இங்கதான் கீழ ஒண்ணுமே இல்லையே, எல்லா எண்ணும் ஆகும்."

"அடிச்சதைப் பாக்க வேண்டாமா?"

"அடிச்சது போச்சு. அதை எதுக்குடா நோண்டறே?"

பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. மரியஅந்தோணி நண்பனை நம்பி, எல்லா எண்ணும் ஆகும் என்று எழுதினான். அந்த ஒரு கணக்கில் வேலை சில்வஸ்டருக்குப் போயிற்று.

கோயில் வாசலில் லூயிஸ் வாத்தியாரைப் பார்த்தபோது, தான் எழுதியதைச் சொன்னான். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிக்கறதுக்கு முன்னால கீழ என்ன இருந்ததுன்னு பாக்கோணும்னு அன்னிக்குப் பூராவும் அதைத்தானப்பா சொன்னேன்! மூணு போட்டா பூச்சியத்தால வகுத்த மாதிரி ஆயிரும். அடிச்சாலும் மூணு ஆகாது. சில்வஸ்டர் ரெண்டு தடவை கேட்டுத் தெளிஞ்சுட்டுப் போனானே?"

மரியஅந்தோணி சில்வஸ்டரைத் தேடிக் கிளம்பினான். முன்பின் தெரியாதவன் ஏமாற்றினால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிடலாம். இவனை என்ன செய்வது?

சில்வஸ்டர் தொழிலாளர் லயத்து வீட்டில் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த மூணை மறந்துட்டியாடா?" என்று கேட்டான் மரியஅந்தோணி. ஆமென்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பிவிட்டுப் போயிருப்பான், பாவி.

"மறக்கல" என்றான் சில்வஸ்டர், நிமிராமலே. "கணக்குல நீ என்னைவிடக் கெட்டி. எல்லாத்தையும் சொல்லியிருந்தா எனக்கு எப்படிடா கெடைக்கும்?"

பதில் சொல்ல வாயெடுத்தவனுக்கு இருமல் வந்துவிட்டது. சில்வஸ்டர் பழக்கதோஷத்தில் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினான். மரியஅந்தோணி வாங்கவில்லை. இருமிக்கொண்டே சலிப்பறைக்கு நடந்தான். முறை வைக்க இனி ஆளில்லை. எல்லா ஞாயிறும் அவனுக்குத்தான்.